மலையடியில் நின்றுபோன ஹஜ் பயணம்

மலையகச் சுவடுகள் – 23

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் நம் நினைவுக்கு வருவது மின்சாரம். சென்ற வாரம் அதைத்தான் எழுதினேன். 1918இல் பொறியியலாளர் விமலசுரேந்திர வாசித்த கட்டுரை, பல தடவை தொடங்கி நின்ற வேலை, 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது, 1965இல் அவர் பெயரிலேயே இன்னொரு மின்நிலையம் எழுந்தது. இந்த வாரமும் அதே ஊரில்தான் நிற்கிறோம். ஆனால் அணைக்கட்டைப் பார்த்தபடி அல்ல. தலையைச் சற்று உயர்த்தி, ஊருக்கு மேலே வரிசையாக நிற்கும் ஏழு சிகரங்களைப் பார்க்கவேண்டும்.

சிங்களத்தில் சப்த கன்யா, தமிழில் ஏழு கன்னியர் மலை. கன்னிமாரைக் கும்பிடும் தோட்டத்து மக்களுக்கு அந்தப் பெயர் அந்நியமானதல்ல. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் இந்த நாட்களில் அந்த மலையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு.

1974 டிசம்பர் 4, புதன்கிழமை. கிழக்கு ஜாவாவின் சுரபாயா நகரிலிருந்து ஜித்தாவுக்கு ஒரு விமானம் புறப்பட்டது. டிசி-8 ரகம். நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இந்தோனேசியாவின் கருடா நிறுவனம் ஹஜ் பயணிகளுக்காக அதை வாடகைக்கு அமர்த்தியிருந்தது. 182 ஹஜ் பயணிகள், 9 பணியாளர்கள், ஆக 191 பேர். வழியில் இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி மறுபடி புறப்படுவதாக ஏற்பாடு.

கிழக்கேயிருந்து வரும் விமானம் மேற்குக் கரையோரத்திலுள்ள கட்டுநாயக்கவை அடைய நடுமலைநாட்டைத் தாண்டியாக வேண்டும். விமானிகள் தாங்கள் நிலையத்தை நெருங்கிவிட்டதாகக் கணித்தார்கள். உண்மையில் இன்னும் சுமார் 40 கடல் மைல் தூரம் இருந்தது. இரவு பத்து மணியைத் தாண்டிய இருளில், பாதுகாப்பான உயரத்துக்கும் கீழே இறங்கிய விமானம் ஏழு கன்னியர் மலையின் ஐந்தாவது சிகரத்தில் ஏறத்தாழ 4,350 அடி உயரத்தில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் இன்றுவரை மிகப் பெரியது அதுதான்.

தாங்கள் இருக்கும் இடத்தைப் பணியாளர்கள் தவறாக அடையாளங் கண்டதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதே அந்தத் தவறுக்கு இடம் கொடுத்தது என்றும் அந்த விசாரணை கருதியது. தொழில்நுட்பம் அவ்வளவு போதும். அந்த மலைக்கு விடிந்ததும் ஏறிப் போனவர்கள் யார் என்பதுதான் இந்தத் தொடருக்கு உரிய விஷயம்.

அந்த ஆண்டை மலையகம் இலேசில் மறக்காது. 1973, 74 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்களில் பசி தாண்டவமாடியது. அரிசியும் மாவும் கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்று உயிர் பிடித்தவர்கள் உண்டு; பிடிக்க முடியாமல் போனவர்களும் உண்டு. 1974இல் தோட்டங்களில் இறப்பு விகிதம் சட்டென உயர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் கையெழுத்திட்டு, 1964 ஒப்பந்தத்தில் குடியுரிமை முடிவாகாமல் மிச்சமிருந்த இந்திய வம்சாவளியினர் 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். யார் இருப்பார், யார் கப்பலேறுவார் என்று லயங்களில் குடும்பங்கள் கலங்கிக் கிடந்த காலம் அது. அத்தகைய ஆண்டின் கடைசி மாதத்தில்தான் சுற்றுத் தோட்டங்களின் மக்களும் பொலீஸாரும் இராணுவத்தினரும் அந்தச் செங்குத்துச் சரிவில் ஏறினார்கள். தேயிலை மலையில் நடந்து பழகிய கால்கள் இல்லாவிட்டால் அந்தப் பணி நடந்திருக்காது. வயிற்றில் ஒன்றுமில்லாதவர்கள், மொழியோ மதமோ தெரியாத ஊராரின் சடலங்களுக்காக மலையேறினார்கள் என்பதை நம் வரலாற்றில் தடித்த எழுத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உடல்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் முடியாத காரியமாயிற்று. எச்சங்கள் மலையடிவாரத்திலேயே அடக்கப்பட்டன. இஹ்ராம் உடுத்தி மக்காவில் தவாபு செய்யப் புறப்பட்டவர்கள் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை மண்ணில் உறங்கினார்கள். அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் நத்தாரை ஒட்டி வந்தது. இன்னும் மூன்று வாரந்தான் இருந்தது.

ஹஜ் பயணம் போகிறவர் புறப்படுவதற்கு முன் என்ன செய்வார் என்பது முஸ்லிம் குடும்பங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். கடனைத் தீர்ப்பார். உறவினர் வீடு, அயல்வீடு, மனத்தாங்கல் உள்ள வீடு என்று ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்பார். திரும்பி வருவோமோ என்னவோ என்ற எண்ணத்தோடுதான் வழியனுப்பலும் நடக்கும். ஜாவாவிலும் இதுவே வழக்கம். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, வயலை விற்று, முதுமையில் புறப்படுகிற விவசாயிகள் அங்கே ஏராளம். அந்த விமானத்தில் இருந்த பயணிகள் பிளிட்டார், லமோங்கான் போன்ற கிழக்கு ஜாவா ஊர்களைச் சேர்ந்தவர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டே புறப்பட்டவர்கள். இறைவனின் வீட்டை நாடிப் புறப்பட்டு வழியில் மரித்தவருக்கு அந்தப் பயணத்தின் நற்கூலி எழுதப்படும் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. ஊரில் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த நம்பிக்கைதான் துணையாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜாவாவின் ஹஜ் பயணிகளுக்கு இலங்கை ஒரு தங்குமடமாக இருந்தது 1974இல் தொடங்கியதல்ல. கப்பற்காலத்திலேயே தொடங்கியது.

1684ஆம் ஆண்டு டச்சுக் கம்பெனி ஒரு கைதியை இலங்கைக்கு நாடுகடத்தியது. பெயர் ஷெய்க் யூசுப். மகஸ்ஸாரில் பிறந்து, மக்காவிலும் மதீனாவிலும் படித்து, பாண்டென் அரசில் டச்சுக்காரருக்கு எதிரான போரில் முன்னின்ற பேரறிஞர். கைதி என்பதால் வாயடைத்துக் கிடக்கவில்லை அவர். இங்கிருந்த ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் அரபு மொழியில் நூல்கள் எழுதினார். மக்காவுக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் இலங்கைத் துறைமுகங்களில் இறங்கிய கிழக்கிந்தியத் தீவுகளின் ஹஜ் பயணிகள் அவரைத் தேடி வந்தார்கள். அவருடைய சொல்லும் எழுத்தும் அவர்கள் கைவழியே பாண்டெனுக்கும் மகஸ்ஸாருக்கும் போய்ச் சேர்ந்தன. டச்சுக்காரர் இதை அறிந்ததும் அஞ்சினார்கள். இலங்கை அவருக்குச் சிறையாக அமையவில்லை, மேடையாக அமைந்துவிட்டது என்று கண்டு, 1694இல் அவரைத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கே கொண்டுபோனார்கள். 1699இல் அங்கே காலமானார். 1995இல் இந்தோனேசியா அவரைத் தேசிய வீரர் என்று அறிவித்தது.

ஷெய்க் யூசுப் போனாலும் ஜாவாவிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களின் வரவு நிற்கவில்லை. 1708இல் மத்தராம் அரசர் மூன்றாம் அமங்குராத்தும் இங்கே அனுப்பப்பட்டார். அரச குடும்பத்தினர், சிப்பாய்கள், ஊழியர்கள் என்று வந்தவர்களின் வழித்தோன்றல்களே இலங்கை மலாயர். பிரிட்டிஷார் அவர்களைக் கொண்டு தனிப் படைப்பிரிவு வைத்திருந்தார்கள். சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் 1873இல் கலைக்கப்பட்டபோது பலர் பொலீஸில் சேர்ந்தார்கள். வேறு சிலர் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி ஆகிய ஊர்களில் மலாய்க் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆகவே, சுரபாயாவிலிருந்து வந்த 182 பேர் விழுந்தது முற்றிலும் அந்நியமான மண்ணில் அல்ல. அவர்களுடைய முன்னோரின் உறவுகள் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகத் தொழுதுவந்த நாட்டில்தான்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த மலையின் கதை முழுமையாகாது. ஏழு கன்னியர் மலையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் சிவனொளிபாத மலை. முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் நபி முதலில் கால் பதித்தது இந்தச் செரண்டீப் மலையில் என்பதும், இங்கிருந்தே அவர் மக்காவுக்கு நடந்து ஹஜ் செய்தார் என்பதும், ஹவ்வாவை அரபா வெளியில் மறுபடி கண்டார் என்பதும் பழைய மரபு. அரபு நாட்டுப் பயணிகள் இந்த மலையை ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே குறிப்பிட்டிருக்கிறார்கள். 1344இல் இப்னு பதூதா இதன்மேல் ஏறினார். பாபா வழி, மாமா வழி என்று ஆதமுக்கும் ஹவ்வாவுக்கும் பெயரிட்ட இரண்டு பாதைகள் உண்டென்றும், மாமா வழி இலகுவானது, பாபா வழி கடினமானது என்றும் எழுதி வைத்தார்.

மரபு சொல்வதை எடுத்துக்கொண்டால், உலகின் முதல் ஹஜ் பயணம் தொடங்கியது இந்த மலைத்தொடரில். ஜாவாக்காரரின் பயணம் முடிந்ததும் அதே மலைத்தொடரில். இதை அறிந்த முஸ்லிம் நண்பர் எவரும் மலையகத்தில் ஹஜ்ஜுப் பெருநாளை வெறும் விடுமுறையாக எண்ணமாட்டார்.

அந்தப் பெருநாள் இந்நாட்டில் எப்படி நடக்கிறது என்று இப்போது பார்ப்போம். சமய விடுமுறைகள் நிறைந்த நாடு இது. முஸ்லிம்களுக்கு மீலாதுன் நபி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என மூன்று பொதுவிடுமுறைகள். மூன்றுக்கும் பிறையே கணக்கு. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடும். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் அதில் பங்குகொள்ளும். முடிவை வானொலி அறிவிக்கும். மலைநாட்டில் மூடுபனிக்குள் பிறை பார்ப்பது நடக்கிற காரியமா? நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஊர்களில் வானொலி முஸ்லிம் சேவையின் குரலே பிறையாக இருந்துவந்தது.

நோன்புப் பெருநாளின் பரபரப்பு ஹஜ்ஜுப் பெருநாளில் கிடையாது. அது நாளைக்கா மறுநாளா என்று கடைசி இரவுவரை தெரியாது. ஹஜ்ஜுப் பெருநாளோ துல்ஹஜ் பிறை கண்டு பத்தாம் நாள். ஒன்பது நாட்கள் கையில் இருக்கின்றன. இலங்கை தன் வானத்துப் பிறையையே கணக்கில் கொள்வதால் சவூதியில் பெருநாள் முடிந்த மறுநாள்தான் பெரும்பாலும் இங்கே பெருநாள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளும் அப்படித்தான் அமைந்தன. இங்கிருந்து போன ஹாஜிகள் அரபா வெளியில் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து, அதற்கு அடுத்த நாள் வீட்டார் இங்கே அரபா நோன்பு பிடிப்பார்கள். அண்மைய ஆண்டுகளில் இலங்கைக்குக் கிடைக்கும் ஹஜ் இடங்கள் ஏறத்தாழ 3,500. எனவே ஒரு மலைநகரத்தில் இருந்து ஒருவர் போனாலே அது ஊர்ச்செய்தி. திரும்பி வந்தால் ஹாஜியார். அதற்குப் பிறகு கடைக்கும் அதே பெயர்.

நுவரெலியா மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். பெரும்பாலோர் கடைவீதிக்காரர். அக்குறணை, கம்பளை, மாவனல்லைப் பக்கத்திலிருந்தும் முன்பு தமிழகக் கரையிலிருந்தும் வந்து புடவைக்கடை, சில்லறைக்கடை, இறைச்சிக்கடை வைத்தவர்கள். சம்பள நாளுக்காகக் காத்திருக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்குக் கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்தவர்களும் அவர்களே. அந்தக் கடனில் கசப்பும் உண்டு, கைகொடுத்த நினைவும் உண்டு. பெருநாள் வந்தால் கடைக்காரர்கள் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். கடைவீதியில் பலகைகள் சாத்தப்பட்டிருக்கும். ஊரிலேயே தங்குகிறவர்கள் விடிகாலையில் குளித்து, அத்தர் பூசி, பள்ளிவாசலுக்குப் போவார்கள். தொழுகைக்கு முன் தக்பீர் முழங்கும். அரபா நாள் சுப்ஹிலிருந்து பதின்மூன்றாம் நாள் அஸர் வரை தொழுகைக்குப் பின்னெல்லாம் அது தொடரும். கொழும்பில் காலிமுகத்திடலில் கூட்டம் கூடும். மழையும் குளிரும் மிகுந்த மலையில் பள்ளிவாசலுக்குள்ளேதான்.

தொழுகை முடிந்தால் உழ்ஹிய்யா என்னும் பலியீடு. ஆடு ஒருவருக்கு, மாடு என்றால் ஏழு பேர் கூட்டு. இறைச்சியை மூன்றாகப் பகுத்து, வீட்டுக்கும் உறவினருக்கும் ஏழைகளுக்கும் கொடுப்பது வழக்கம். பெருநாளன்றோ அடுத்த மூன்று நாட்களிலோ அறுக்கலாம்.

இங்கேதான் இந்நாட்டுக்கே உரிய ஒரு நெருக்கடி வரும். பிறை பத்தில் ஹஜ்ஜுப் பெருநாள், பௌர்ணமியில் பௌத்தரின் போயா. இரண்டும் ஒரே நிலவின் கணக்கு. ஆகையால் ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்துச் சில நாட்களிலேயே எந்த ஆண்டும் போயா வந்தே தீரும். போயா நாளில் நாடெங்கும் இறைச்சிக்கடை மூடியிருக்கும், அறுப்பும் கூடாது. 2024இல் ஜூன் 17 பெருநாள், 21 பொசொன் போயா. 2025இல் ஜூன் 7 பெருநாள். 10ஆம் திகதி பொசொன் போயா, அதாவது அறுப்புக்குரிய கடைசி நாளே போயா. பெரும்பான்மையான மலையக முஸ்லிம்கள் முதல் இரண்டு நாளிலேயே காரியத்தை முடித்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாடுகளை ஊர்விட்டு ஊர் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். அறுப்பை மறைவான இடத்தில் செய்யுங்கள், கழிவைப் புதையுங்கள், படம் எடுத்துப் பரப்பாதீர்கள் என்று ஜம்இய்யத்துல் உலமா ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கும். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தபோது எழுந்த கலக்கம் நினைவிருக்கும். இத்தனைக்கும் நடுவில், அயலவர் மனம் நோகாமல் தம் கடமையைச் செய்துவரும் சிறு ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்களின் பொறுமை பாராட்டுக்குரியது. பெரிய ஊர்களில் அது தென்படாது. ஒருவரை ஒருவர் முகம் பார்த்து வாழும் மலைநகரத்தில்தான் அதன் அருமை தெரியும்.

மாட்டிறைச்சி உண்ணாத இந்து அயலவருக்கு இறைச்சியா அனுப்புவார்கள்? அவர்களுக்குப் போவது வட்டிலப்பம். தேங்காய்ப்பாலும் முட்டையும் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் சேர்த்து அவித்தெடுக்கும் அந்த இனிப்பை இந்நாட்டுக்குக் கொடுத்தவர்கள் மலாயர் என்பார்கள். தொதலும் அப்படியே. ஜாவாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்தவர்களின் கைப்பக்குவம் இன்று ஒவ்வொரு இலங்கை முஸ்லிம் வீட்டுப் பெருநாள் மேசையிலும் இருக்கிறது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு திரும்பிப் போகிறது.

1974க்குப் பிறகு நான்கு ஆண்டில் இந்நாடு மறுபடியும் அழுதது. 1978 நவம்பர் 15. ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டிசி-8 விமானம், ஹஜ்ஜை நிறைவேற்றி ஊர் திரும்பும் இந்தோனேசியரை ஏற்றிக்கொண்டு ஜித்தாவிலிருந்து வந்தது. கட்டுநாயக்கவில் இறங்கும் தறுவாயில், ஓடுபாதைக்குச் சற்று முன்னாலுள்ள தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டார்கள், 79 பேர் தப்பினார்கள். பெருநாள் முடிந்து ஒரு வாரங்கூட ஆகவில்லை. போகும் வழியில் ஒரு கூட்டம், வரும் வழியில் ஒரு கூட்டம். இரண்டுக்கும் இலங்கை மண்.

நோட்டன் பிரிட்ஜில் 1974 விமானத்தின் சக்கரம் ஒன்று நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. மாண்டவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. இந்தோனேசியத் தூதரகத்தினர் வந்து பிரார்த்தனை செய்துவிட்டுப் போவதுண்டு. மலை பார்க்க வருகிற இளைஞர்கள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு மேலே நடக்கிறார்கள். தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு அந்த 182 பேர் ஹஜ் பயணிகள் என்பது தெரியும்? அவர்களைத் தேடி முதலில் மலையேறியவர்களில் நம் தோட்டத்து மக்களும் இருந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பாடப்புத்தகங்களில் விமலசுரேந்திர இருக்கிறார், அணை இருக்கிறது. இந்த இரவு இல்லை.

அன்று இருபது வயதில் மலையேறியவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியிலோ வேறெங்கோ இருக்கக்கூடும். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, லக்சபான சுற்றுத் தோட்டங்களில் உங்கள் அப்பாவோ தாத்தாவோ அம்மாயியோ அந்த இரவையும் அடுத்த நாட்களையும் கண்டவர்களாக இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், மலைக்கு யாரோடு போனார்கள், என்ன கண்டார்கள், எங்கே அடக்கினார்கள் என்பது போதும். பெருநாளுக்குப் பிறகு வரும் பகுதியில் அவற்றை வெளியிடுவோம்.